அபாயம் போய்விட்டது... ஓட்டம் நிற்கவில்லை!

1835-ஆம் ஆண்டு. காலாபாகஸ் தீவுகளின் கறுத்த எரிமலைப் பாறைகள் மேல் கூட்டங்கூட்டமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன கடல் பேரோந்திகள். அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், கடல் வற்றியபோது தேங்கி நின்ற ஆழமான நீரில், கை பலம் கொண்ட மட்டும் தொலைவாக வீசினார் 26 வயது சார்லஸ் டார்வின். நீச்சலில் கெட்டிக்காரப் பிராணி அது. தண்ணீருக்கடியில் நெடுநேரம் மூச்சடக்கவும் அதற்குத் தெரியும். அடியிலேயே கிடந்திருந்தால் டார்வினால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதுவோ நேர்க்கோடாக நீந்தி, தன்னை வீசியவர் நிற்கும் இடத்துக்கே வந்து கரையேறியது. மறுபடி வீசினார். மறுபடி அங்கேயே வந்தது.

பார்வைக்கு முட்டாள்தனமாகத் தெரியும் இந்தச் செயலுக்கு டார்வின் ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தீவுகளில் பேரோந்திக்குக் கரையில் எதிரியே கிடையாது. கடலில்தான் சுறாக்கள். தலைமுறை தலைமுறையாக அதற்கு ஆபத்து என்றால் தண்ணீர், அடைக்கலம் என்றால் கரை. அந்தக் கரையில் நிற்கும் ஒருவனே ஆபத்தாக இருக்கக்கூடும் என்ற கணக்கு அதன் உடம்பில் எழுதப்படவே இல்லை.

தப்பி ஓடும் உயிர்களைப் பற்றி விஞ்ஞானிகள் அதற்குப் பிறகு சேர்த்துவைத்த கதைகளில் பல இந்தப் பேரோந்தியின் கதைதான். ஓட்டம் நேற்றைய ஆபத்துக்காகக் கற்றுக்கொண்டது. இன்றைய ஆபத்து வேறு இடத்தில் நிற்கிறது, அல்லது எங்குமே இல்லை. மனிதர்களாகிய நமக்கு இரண்டாவது வகைதான் பெரும் வியாதி.

தெருநாயைப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். கல் பட்டதும் 'வள்' என்று கத்தி ஓடுவது தப்பித்தல். வலி வந்துவிட்டது, அதிலிருந்து விலக வேண்டும். ஆனால் நாலு முறை கல்லடி பட்ட நாய் கல் வரும்வரை காத்திருப்பதில்லை. நீங்கள் குனிந்தாலே போதும், தெருமுனையைத் தாண்டியிருக்கும். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவருக்கும் அதே மரியாதைதான். இது தவிர்த்தல். முதலாவதில் வலி நின்றது என்ற பலன் கண்கூடு. இரண்டாவதில் பலன் என்ன? ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். 'ஒன்றும் நடக்காதது' எப்படி ஒரு உயிருக்குப் பாடம் கற்பிக்க முடியும் என்ற கேள்வி உளவியலாளர்களைப் பல பத்தாண்டுகள் படுத்தி எடுத்தது. அதற்கு வருமுன், காட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஓடுவதற்கும் ஒரு விலை உண்டு

புலியைக் கண்டதும் மான் ஓடும் என்று நினைக்கிறோம். பல நேரம் ஓடாது. பார்த்துக்கொண்டே மேயும். 1986-இல் கனடாவைச் சேர்ந்த ரான் இடன்பர்க், லாரி டில் இருவரும் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு வணிகக் கணக்கே போட்டார்கள். ஓடினால் மேய்ச்சல் போகும், தெம்பு போகும், சில சமயம் துணையும் போகும். நின்றால் உயிர் போகலாம். எதிரி நெருங்க நெருங்க இரண்டாவது இழப்பு ஏறிக்கொண்டே வரும். அது முதல் இழப்பை எட்டும் தொலைவில்தான் கால்கள் கிளம்பும். எதிரியைக் கண்டதும் ஓடுவதற்கு எந்த அவசியமும் இல்லை.

இந்தத் தொலைவு விலங்குக்கு விலங்கு, இடத்துக்கு இடம், பசிக்குப் பசி மாறும். வளை பக்கத்தில் இருந்தால் எலி துணிச்சலாக இருக்கும். நகரத்துக் காகம் உங்களை ஓரிரு எட்டு வரை விட்டு, பிறகு சலிப்போடு நகரும். அதே காகம் ஆளரவமில்லாத வயலில் தூரத்திலேயே பறந்துவிடும். கோழை, தைரியசாலி என்று நாம் ஒட்டும் பட்டங்களுக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

கணக்குப் போட நேரமே இல்லாத கட்டமும் உண்டு. மீனின் மூளைத் தண்டில் மௌத்னர் செல்கள் என்று இரண்டு பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் தண்ணீர் அதிர்ந்தால் அந்தப் பக்கத்து அணு ஒரே ஒரு முறை மின்துடிப்பு விடும். உடனே எதிர்ப்பக்கத் தசைகள் முழுக்கச் சுருங்கி, மீன் வில்லாக வளைந்து, அதிர்வு வந்த திசைக்கு எதிராகப் பாயும். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் வளைவு தொடங்கிவிடும். யோசனை, சந்தேகம் எதற்கும் இடமில்லாத ஏற்பாடு.

தவறவே தவறாத இந்த ஏற்பாட்டையே பிழைப்பாக்கிக்கொண்ட ஒரு பாம்பு தென்கிழக்கு ஆசியாவின் குட்டைகளில் வாழ்கிறது. மூக்கு நுனியில் இரண்டு கொம்பு போன்ற உணர்விழைகள் கொண்ட நீர்ப்பாம்பு. தூண்டில் முள் போல உடம்பை வளைத்து அசையாமல் கிடக்கும். தலைக்கும் உடம்புக்கும் நடுவே மீன் வந்ததும், பாம்பு முதலில் அசைப்பது தலையை அல்ல, உடம்பின் நடுப்பகுதியை. மீன் அந்த அதிர்விலிருந்து தப்பிக்கத் துள்ளுகிறது. நேராகப் பாம்பின் வாய்க்கு. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் கட்டானியா 2009-இல் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தபோது, இந்த நிலையில் சிக்கிய மீன்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாம்புத் தலையின் பக்கமே திரும்பியிருந்தன. பாம்பு மீன் இருக்கும் இடத்தைக் குறிவைப்பதுகூட இல்லை. அது வந்து சேரப்போகும் இடத்தைக் குறிவைக்கிறது. இத்தனை கச்சிதமான மோசடியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மனித மூளையில் கணக்கும் உண்டு, வில் பாய்ச்சலும் உண்டு. 2007-இல் லண்டனில் டீன் மாப்ஸ் குழுவினர், ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒரு கணினி விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் ஒரு வேட்டைக்காரப் புள்ளி துரத்தும். பிடித்துவிட்டால் நிஜமாகவே கையில் ஷாக். துரத்தும் புள்ளி தூரத்தில் இருந்தபோது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. அங்கேதான் திட்டம் போடுகிறோம். புள்ளி நெருங்க நெருங்கச் செயல்பாடு அங்கிருந்து இறங்கி, நடுமூளையின் மையச் சாம்பல் பகுதிக்கு மாறியது. எலிக்கும் பூனைக்கும் ஓட்டத்தையும் உறைந்து நிற்பதையும் நடத்துவது அதே பகுதிதான். விபத்தில் தப்பியவர்கள் "என்ன பண்ணேன்னே தெரியலீங்க, கால் தானா ஓடுச்சு" என்று சொல்வதில் பொய் இல்லை.

ஹார்வர்டு நாய்கள்

இனி 'ஒன்றும் நடக்காதது' என்ற புதிர். 1938-இல் கினிப் பன்றிகளைச் சுழல் சக்கரத்தில் விட்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஒலி எழுந்ததும் ஒரு குழுவுக்கு ஓடினாலும் நின்றாலும் ஷாக். இன்னொரு குழு ஓடினால் ஷாக் கிடையாது. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் சொன்னபடி ஒலியும் வலியும் சேர்ந்து சேர்ந்துதான் பாடம் பதிய வேண்டும் என்றால் முதல் குழுதான் நன்றாக ஓடியிருக்க வேண்டும். ஓடியது இரண்டாவது குழு. உளவியலாளர் ஓர்வல் மௌரர் இதற்கு இரண்டு படி விளக்கம் சொன்னார்: முதலில் ஒலியைக் கேட்டாலே பயம் என்று உயிர் கற்கிறது, பிறகு எதைச் செய்தால் அந்தப் பயம் அடங்குகிறது என்று கற்கிறது. கிடைக்கும் கூலி, பயம் தணிந்த நிம்மதி. அழகான விளக்கம். அதில் ஓட்டை போட்டவை ரிச்சர்டு சாலமனின் நாய்கள்.

1950-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சாலமனும் லைமன் வின்னும் இரண்டு அறைகள் கொண்ட ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நடுவே நாயின் தோளுயரத் தடுப்பு. நாய் நிற்கும் அறையில் விளக்கு அணையும், தடுப்புக்கு மேலுள்ள கதவு திறக்கும். 10 நொடி கழித்துத் தரையில் மின்சாரம் பாயும், தாங்க முடியாத அளவில். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது; போடவும் கூடாது. முதல் சில முறை நாய்கள் ஓலமிட்டன, நடுங்கின, அங்கேயே கழிந்தன, எப்படியோ தடுப்பைத் தாண்டி விழுந்தன. சில முயற்சிகளிலேயே விளக்கு அணைந்ததும் மின்சாரம் வருமுன் தாவக் கற்றன.

அதன் பிறகு அந்த மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

நாய்கள் நிறுத்தவில்லை. நாளுக்குப் 10 முறை வீதம் 200 முறை விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். 200 முறையும் தாவின. நாளாக நாளாகத் தாவும் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இதைவிட விசித்திரம், பயத்தின் அடையாளம் ஒன்றுகூட மிச்சமில்லை. நடுக்கம் இல்லை, ஓலம் இல்லை. அலுவலகத்துக்குக் கிளம்புகிறவரைப் போல நிதானமாகத் தாவின. பயம் தணிவதுதான் கூலி என்றால், பயமே இல்லாதபோது எந்தக் கூலிக்கு இந்த வேலை?

சாலமனின் பதில்: பயம் போகவில்லை, தலைகாட்ட அவகாசம் கிடைக்கவில்லை. விளக்கு அணைந்த ஓரிரு நொடியில் தாவிவிடுவதால் பயம் கிளம்பவே நேரமில்லை. கிளம்பாத பயம் செலவாகாது. செலவாகாதது அப்படியே சேமிப்பில் இருக்கும். பிறகு அவர்கள் கண்ணாடித் தடுப்பைப் போட்டுத் தாவ முடியாமல் செய்தபோது அந்தச் சேமிப்பு வெளியே வந்தது. அமைதியாக இருந்த நாய்கள் முதல் நாள்போலவே அலறின. தாவும் நாய்க்கு மறுபக்கத்தில் ஷாக் வைத்தும் பார்த்தார்கள். பெரும்பாலான நாய்கள் அப்போதும் தாவின. அதுவும் எப்படி? காற்றில் இருக்கும்போதே, விழப்போகும் இடத்தில் வலி காத்திருக்கிறது என்று தெரிந்து, முன்கூட்டியே கத்திக்கொண்டு தாவின.

நாய்க்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் அனுபவத்தில் ஒரு தோல்விகூட இல்லையே! தாவினேன், வலிக்கவில்லை. 200-க்கு 200. மின்சாரம் நின்றுவிட்டது என்று தெரிய ஒரே ஒரு வழிதான்: தாவாமல் நிற்க வேண்டும். தாவிக்கொண்டே இருக்கும்வரை அந்தச் சேதி அதற்கு எட்டவே எட்டாது.

லிப்ட் வேண்டாம், படியில போறேன்

மின்வெட்டுக் காலத்தில் ஒருமுறை லிப்டில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து படிக்கட்டு. மூட்டுவலி வந்த பிறகும் படிக்கட்டு. "உடம்புக்கு நல்லதுதானேப்பா" என்று ஒரு காரணமும் ரெடி. அவர் ஏறும் ஒவ்வொரு படியும் 'தப்பித்தேன்' என்று ஒரு பதிவு போடுகிறது. அந்தக் கட்டடத்து லிப்டில் ஜெனரேட்டர் இணைத்துப் பல வருடமாகியிருக்கலாம். அவருடைய கணக்கில் அது ஏறவே ஏறாது.

வீட்டுக்கு வீடு நடக்கும் இன்னொரு உரையாடல்: "ஒரு தடவை சுகர் டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்களேன்." "எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன். டெஸ்ட் எடுத்தாதான் ஏதாவது வரும்." சர்க்கரையைவிட முடிவு எழுதிய காகிதம்தான் இவருக்குப் பயம். பங்குச் சந்தையில் பணம் போட்டவர்களிடமும் இதே கதை. சந்தை இறங்கும் நாட்களில் முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பது குறைகிறது என்று 2009-இல் நிக்லஸ் கார்ல்சன், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், டுவான் செப்பி மூவரும் தரவுகளோடு காட்டினார்கள். நெருப்புக்கோழி விளைவு என்று அதற்குப் பெயர். பாவம் நெருப்புக்கோழி, அது மண்ணில் தலையைப் புதைத்ததே இல்லை. ஆபத்து வந்தால் கழுத்தைத் தரையோடு தாழ்த்திப் படுக்கும், அல்லது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தலையைப் புதைப்பது முழுக்க மனிதக் கண்டுபிடிப்பு.

எல்லாத் தவிர்த்தலும் ஓட்டமாகத் தெரிவதில்லை என்பதை 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் கவனப்படுத்தினார். திடீர்ப் படபடப்பு நோய் உள்ளவர் கடைத்தெருவுக்குப் போகத்தான் செய்வார். ஆனால் சுவரோரமாகவே நடப்பார், தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், படபடப்பு வந்தால் உட்கார்ந்துவிடுவார். மயங்கி விழாமல் வீடு திரும்பியதும், 'அன்னிக்கு உக்காந்தேனோ, பொழச்சேனோ' என்று நம்புவார். உட்காராவிட்டாலும் மயக்கம் வந்திருக்காது என்பதைக் காட்டும் ஒரே சாட்சியை அவரே அழித்துக்கொண்டிருக்கிறார். இவர் வெளியே வருகிறார், நாலு பேரோடு பழகுகிறார். பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் இந்த வகை வருடக்கணக்கில் நீடிக்கிறது.

குழாயை மூடிய மருத்துவமனை

சாலமனின் கண்ணாடித் தடுப்பு மனிதர்களுக்கு மருந்தாக வந்தது 1966-இல். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், எந்தச் சிகிச்சைக்கும் அசையாத இரண்டு எண்ணச் சுழல் (OCD) நோயாளிகளை எடுத்துக்கொண்டார். ஒருவருக்குக் கை கழுவுவதும் துடைப்பதுமே முழுநேர வேலை. எதை அசுத்தம் என்று பயந்தாரோ அதைத் தொடவைத்து, பிறகு கழுவவிடாமல் செவிலியர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அறைக்கு வரும் தண்ணீரையே நிறுத்தினார்கள். பதற்றம் மலைபோல ஏறியது. பிறகு, எந்தச் சடங்கும் செய்யாமலேயே, தானாக இறங்கியது. அது தானாக இறங்கும் என்பதை நோயாளி அத்தனை வருடங்களில் ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

இன்று எண்ணச் சுழல் நோய்க்கும் பலவகை அச்ச நோய்களுக்கும் முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்று இந்த வழிதான். ஆனால் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதாக யாரும் பயப்பட வேண்டியதில்லை. 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற குழந்தைக்கு அவன் விரும்பிச் சாப்பிடும் நேரத்தில் கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து, கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுக்கும்வரை அழைத்து வந்தார். நல்ல சிகிச்சையாளர் இன்றும் நோயாளியோடு உட்கார்ந்து பயப் பட்டியல் போட்டு, கீழ்ப்படியிலிருந்துதான் தொடங்குவார். ஒவ்வொரு படியிலும், 'என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது' என்று கேட்டுக் குறித்துவைப்பார். வீட்டார் அவசரப்பட்டு, "பயமே போயிடும் பாரு" என்று பிள்ளையைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவது இதில் சேராது. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்துக் கேட்கலாம், தமிழில் பேசலாம்.

தாவும் நாயின் நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு: தாவவே தாவாத நாய். 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும், எதைச் செய்தாலும் நிறுத்த முடியாத ஷாக்கை ஒரு குழு நாய்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதே இரண்டு அறைப் பெட்டியில் விட்டார்கள். தாவினால் தப்பிக்கலாம். பெரும்பாலானவை படுத்து முனகின. செய்வதெல்லாம் வீண் என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். மனச்சோர்வு பற்றிய பாடநூல்கள் பல இதை எடுத்துக்கொண்டன. சுமார் அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இருவர் தங்கள் கோட்பாட்டைத் தாங்களே தலைகீழாகத் திருப்பினார்கள். எலிகளின் மூளையை ஆராய்ந்ததில், நீண்ட வேதனையில் முடங்கிப்போவது யாரும் கற்றுக்கொடுக்காமலே வருவது என்று தெரிந்தது. கற்க வேண்டியது மற்றது: நான் ஒன்று செய்தேன், வலி நின்றது. இதைக் கண்டறியும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி கீழே சைகை அனுப்பி அந்த முடக்கத்தை அணைக்கிறது. பெயர் பெற்ற அறிஞர்கள் முதுமையில் இப்படி எழுதுவது அபூர்வம். 1968-இலேயே அவர்களுக்கு ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. படுத்துக் கிடந்த நாய்களைக் கயிறு கட்டித் தடுப்புக்கு மறுபக்கம் இழுத்தபோது, பல முறை இழுத்த பிறகே அவை தாங்களாகத் தாவத் தொடங்கின. உபதேசத்தில் எழாதவர்களைக் கையைப் பிடித்து முதல் நாலு எட்டு கூட நடந்தால் எழுப்ப முடிவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மின்சாரம் நிஜமாகவே நின்றதா?

இதையெல்லாம் படித்துவிட்டு 'பயத்தை எதிர்கொள்' என்று எல்லோருக்கும் மருந்துச் சீட்டு எழுதுவது ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டுப் பகுதியில் நீர்க்குட்டைகள் அருகே ஒலிபெருக்கி வைத்து, சிங்க உறுமலையும் மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் குரலையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டது லியானா ஸேனட் குழு. 2023-இல் வெளியான முடிவு: சிங்கத்தைவிட மனிதக் குரலுக்கு விலங்குகள் ஓடும் வாய்ப்பு இரு மடங்கு, குட்டையைக் காலிசெய்த வேகமும் 40 சதவீதம் கூடுதல். உலகெங்கும் 62 பாலூட்டி இனங்களை எடுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, மனிதத் தொந்தரவு உள்ள இடங்களில் அவை இரவில் நடமாடுவது 1.36 மடங்காகியிருப்பதைக் காட்டியது. இந்த விலங்குகளுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. அவற்றின் கணக்கு சரி. நாம் உண்மையிலேயே ஆபத்தானவர்கள்.

காலாபாகஸ் பேரோந்திகளுக்கு நேர்ந்ததோ மறுபக்கம். மனிதர்களோடு நாயும் பூனையும் தீவில் இறங்கிவிட்டன. ஒருமுறை பிடிபட்ட பேரோந்தி அதன் பிறகு சற்றுத் தொலைவிலேயே ஓடக் கற்கிறது என்று இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் கூடிய அந்தத் தொலைவு நாயிடமிருந்து தப்பிக்கப் போதாது.

மனிதர்களிடையே எது எந்த வகை என்று வெளியிலிருந்து சொல்வது அத்தனை எளிதல்ல. விளக்கில்லாத குறுக்குப் பாதையைத் தவிர்த்து, சுற்றுவழியில் வேலைக்குப் போய்வரும் பெண்ணைத் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்புவது அபத்தம். அங்கே பழுது பார்க்க வேண்டியது தெருவிளக்கு. இன்னும் சிக்கலான இடங்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித் மக்கள் மேல்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது. அந்தக் காலத்தில் அடிபட்ட அப்பா இன்றும் அந்தத் தெரு வந்ததும் வழியை மாற்றுகிறார். "இப்பல்லாம் யாருப்பா கேக்கப்போறா?" என்கிறான் பைக்கில் போய்வரும் மகன். "உனக்குத் தெரியாதுடா" என்கிறார் அவர். சில ஊர்களில் மகன் சொல்வது சரியாகிவிட்டது. சில ஊர்களில் அப்பா சொல்வதுதான் இன்னமும் சரி.